டெஸ்டருக்கு எட்டாத மின்சாரம்

திருச்சியில் இருக்கும் என் சித்தப்பாவின் சட்டைப் பையில் பேனா இருக்கிறதோ இல்லையோ, டெஸ்டர் இருக்கும். மிக்ஸி கப்ளர், அயர்ன் பாக்ஸ் காயில், ஃபேன் கண்டென்சர், கேஸ் அடுப்பு பர்னர் என்று எதற்கும் வெளியாளைக் கூப்பிட்டு அறியாத வீடு அது. சென்ற ஆண்டு ஒரு நாள் அந்த வீட்டு மைக்ரோவேவ் அடுப்பு சத்தமில்லாமல் செத்துப்போனது. விளக்கு இல்லை, மணி காட்டும் எண்கள் இல்லை, ஒன்றும் இல்லை. சித்தப்பா திருப்புளியை எடுத்தார். பின்பக்கத்து மரைகளில் ஒன்று மட்டும் மசியவில்லை. அதன் தலையில் நட்சத்திரக் குழி, குழியின் நடுவில் ஒரு சின்ன முனை. வீட்டிலிருக்கும் எந்தத் திருப்புளியும் அதற்குள் உட்காராது. உட்காரக் கூடாது என்பதற்காகவே அப்படிச் செய்கிறார்கள். சித்தப்பாவோ அதைத் தனக்கு விடப்பட்ட சவாலாக எடுத்துக்கொண்டு, கடைவீதிக்குப் போய் அதற்குரிய முனையை வாங்கிவந்தார். உள்ளே ஃபியூஸ் போயிருந்தது. மாற்றினார், ஓடியது. பத்து நாளில் மறுபடி போனது. மறுபடி மாற்றினார். மூன்றாம் முறை சித்தி அவரிடம் கேட்காமலேயே மெக்கானிக்குக்கு ஃபோன் போட்டுவிட்டார்.

நான் அன்று அங்கே இருந்தேன். வந்த மெக்கானிக் அடுப்பைத் திறக்கவில்லை. முதலில் கதவை நாலைந்து தடவை மெல்லத் திறந்து மூடி, காதைச் சாய்த்துக் கேட்டார். "கதவை இடிச்சு மூடுவீங்களாம்மா?" என்றார். சித்தி பதில் சொல்லாமல் சித்தப்பாவைப் பார்த்தார். கதவின் கைப்பிடியில் எப்போதும் ஓர் ஈரத்துண்டு தொங்கும், அன்றும் தொங்கியது. உள்ளே பிளாஸ்டிக் கொக்கி ஒன்றில் விரிசல் விட்டிருந்தது. அதனால் கதவின் ஸ்விட்சுகள் முன்பின்னாக மாறி அடித்து, ஒவ்வொரு தடவையும் ஃபியூஸைச் சாப்பிட்டிருக்கின்றன. கொக்கியையும் ஸ்விட்சையும் மாற்றி, ஒரு கோப்பைத் தண்ணீர் வைத்து ஓட்டிப் பார்த்தார். சரியாகிவிட்டது. அதோடு போயிருக்கலாம். ஆனால் அவர் கேட்டார்:

"சார், இதுக்குள்ள எத்தனை தடவை கை விட்டீங்க?"

"ரெண்டு தடவை. பிளக்கைப் பிடுங்கிட்டுத்தான் தொட்டேன்."

"சரி, இப்பப் பிடுங்குங்க."

சித்தப்பா பிடுங்கினார். மெக்கானிக் உடனே, பிடியில் டேப் சுற்றிய நீளமான ஒரு கருவியின் முனையைக் கண்டென்சரின் இரண்டு கால்களுக்கும் குறுக்கே வைத்தார். 'டப்' என்று ஒரு வெடிச்சத்தம், நீலமாக ஒரு பொறி. சித்தி ஓரடி பின்னால் போனார்.

"பிளக்கு உங்க கையிலதான் சார் இருக்கு" என்றார் மெக்கானிக்.

இப்படிச் செய்வது முறையில்லை, உங்களுக்குக் காட்டத்தான் செய்தேன், வீட்டில் யாரும் செய்துபார்க்கக் கூடாது என்றும் அவரே சொன்னார். இந்தக் கண்டென்சர் நல்லது, விட்டால் கொஞ்ச நேரத்தில் தானாக இறங்கிவிடும். உள்ளே இருக்கும் ரெசிஸ்டர் போயிருந்தால் நெடுநேரம் பிடித்துவைத்திருக்கும், எது எப்படி என்று வெளியே பார்த்துச் சொல்ல முடியாது என்றார். சித்தப்பா தன் பையிலிருந்த டெஸ்டரை எடுத்துப் பார்த்தார். அதன் பிடியில் 500 வோல்ட் வரை என்று எழுதியிருந்தது. அவர் கை விட்ட இடத்தில் ஓடுவது ஏறத்தாழ 4,000.

நாம் எதற்குப் பயப்படுகிறோம், எதற்குப் பயப்படுவதில்லை என்ற விசித்திரத்தைப் பற்றி அன்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். இதே சித்தப்பா, அடுப்பு ஓடும்போது அதன் கண்ணாடிக்கு எதிரே நிற்க மாட்டார். கர்ப்பமாக இருந்த மகள் ஊருக்கு வந்திருந்தபோது அடுப்பைத் துணி போட்டு மூடியே வைத்திருந்தார்கள். கதிர்வீச்சாம். ஆனால் அதே அடுப்பின் மேல்தகட்டைக் கழற்றி உள்ளே விரலை விடுவதில் யாருக்கும் நடுக்கம் வரவில்லை. பயம் வேண்டிய இடத்தில் இல்லை. வேண்டாத இடத்தில் நிறைய இருக்கிறது. மைக்ரோவேவ் அடுப்பை எப்போது மெக்கானிக்கிடம் விட வேண்டும் என்ற கேள்விக்கு விடை தெரிய வேண்டுமானால், முதலில் இந்தப் பயத்தை இடம் மாற்றி வைக்க வேண்டும்.

ஒரு சொல் செய்த குழப்பம்

குழப்பத்தில் பாதிக்கு நம் மொழி பொறுப்பு. கூடங்குளத்துக்கும் கதிர்வீச்சு என்கிறோம், புற்றுநோய் சிகிச்சைக்கும் கதிர்வீச்சு என்கிறோம், சாம்பார் சுடவைக்கும் பெட்டிக்கும் அதே சொல்தான். அணு உலையிலிருந்து வருவது உடலின் மூலக்கூறுகளை உடைக்கவல்லது. அடுப்பில் இருப்பது வானொலி அலையின் உறவுக்காரன். 2,450 மெகாஹெர்ட்ஸ், அலையின் நீளம் 12 சென்டிமீட்டர் சொச்சம். அதற்குத் தெரிந்த வேலை சூடாக்குவது ஒன்றே. ஸ்விட்ச் அணைந்தால் பல்பின் வெளிச்சம்போல் அலையும் அக்கணமே நின்றுவிடும். உணவில் எதுவும் தங்காது. இந்த அலையை உண்டாக்கும் மாக்னட்ரான், 1940-ல் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ராண்டல், பூட் என்ற இயற்பியலாளர்கள் போர்க்கால ராடாருக்காக உருவாக்கிய கருவியின் வழிவந்தது. ராடார்க் குழாய்கள் செய்த அமெரிக்க நிறுவனமான ரேதியானில் பெர்சி ஸ்பென்சர் அதைச் சமையலுக்குத் திருப்பி 1945-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1947-ல் விற்பனைக்கு வந்த முதல் அடுப்பு ஆள் உயரம், 340 கிலோ எடை. நம் சமையல் மேடைக்கு வந்துசேர்ந்தது அதன் பேரப்பிள்ளை.

அலை வெளியே கசியவே கசியாதா? கசியும், ஆனால் அதற்குக் கணக்கு உண்டு. அடுப்பின் புறப்பரப்பிலிருந்து 5 சென்டிமீட்டர் தூரத்தில் சதுர சென்டிமீட்டருக்கு 5 மில்லிவாட்டைத் தாண்டக் கூடாது என்பது சர்வதேச அளவில் வழங்கும் வரம்பு. தூரம் கூடக்கூட அது சரசரவென்று குறைந்துவிடும். அரை மீட்டர் தள்ளி நின்றால் ஏறக்குறைய நூறில் ஒரு பங்கு. கதவுக் கண்ணாடியில் தெரியும் கறுப்பு வலையின் துளைகள் மிகச் சிறியவை. 12 சென்டிமீட்டர் அலை அதில் நுழைய முடியாது. ஆகவே நல்ல கதவுள்ள அடுப்புக்கு எதிரில் நிற்பது பற்றிக் கவலைப்பட ஒன்றுமில்லை. கேட்க வேண்டியது ஒரே கேள்வி: கதவு நல்ல கதவாக இருக்கிறதா?

வாட்ஸ்அப்பில் சுற்றும் ஒரு சோதனையைப் பற்றியும் இங்கே சொல்லிவிடுகிறேன். செல்பேசியை அடுப்புக்குள் வைத்து மூடி அழைத்துப் பார்ப்பார்கள்; மணி அடித்தால் அடுப்பு கசிகிறதாம். செல்பேசியின் அலைவரிசை வேறு, அது நூலிழைச் சமிக்ஞையையும் பிடிக்கும் சாமர்த்தியம் உள்ளது. மணி அடிப்பதால் அடுப்பு கெட்டது என்றும் ஆகாது, அடிக்காததால் நல்லது என்றும் ஆகாது. யாராவது மறந்துபோய் ஸ்டார்ட்டை அழுத்தினால் செல்பேசி போவது மட்டும் உறுதி.

இனி பயப்பட வேண்டிய பக்கம். சுவரிலிருந்து வரும் 230 வோல்ட்டை உள்ளே ஒரு கனத்த டிரான்ஸ்ஃபார்மர் இரண்டாயிரத்துக்கு மேல் ஏற்றுகிறது. கண்டென்சரும் டயோடும் சேர்ந்து அதை மேலும் உயர்த்தி மாக்னட்ரானுக்குக் கொடுக்கின்றன. இன்வெர்ட்டர் வகை அடுப்பில் டிரான்ஸ்ஃபார்மர் சின்னதாக இருக்கும். வோல்ட்டேஜில் சலுகை கிடையாது. டிவியின் பழைய பிக்சர் ட்யூபிலும் உயர் அழுத்தம் இருந்ததே என்று கேட்கலாம். அங்கே வோல்ட் அதிகம், ஓடும் மின்னோட்டம் சொற்பம். இங்கே இரண்டும் உண்டு. ஓடிக்கொண்டிருக்கும் அடுப்பின் உள்ளே கை பட்டால் இதயத்தை நிறுத்தப் போதுமானது. கண்டென்சர் என்ற பெயர் வேறு ஏமாற்றுகிறது. தமிழ்நாட்டில் ஃபேன் கண்டென்சர் மாற்றாத கை எது? ஃபேனில் இருப்பதன் மேல் 440 வோல்ட் என்று அச்சிட்டிருக்கும். அடுப்பில் இருப்பதன் மேல் 2,100 என்று இருக்கும். பெயர்தான் ஒன்று, இரண்டுக்கும் உள்ள தூரம், பூனைக்கும் அதன் ஜாடையில் இருக்கும் புலிக்கும் உள்ள தூரம்.

வீட்டுக்கு உள்ள எல்லை

எனவே எல்லை எளிமையானது. அடுப்பின் கதவைத் திறந்தால் தெரியும் அறை நம்முடையது. தகட்டுக்கு அந்தப் பக்கம் இருப்பது மெக்கானிக்குடையது. இந்தப் பக்கம் நாம் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. அதைச் செய்யத் தெரியாததால்தான் பல வீடுகளில் தண்டச் செலவு.

தட்டு சுழலவில்லை என்று மெக்கானிக்கைக் கூப்பிடுகிறவர்கள் உண்டு. கண்ணாடித் தட்டை எடுத்துவிட்டு அதன் கீழ் இருக்கும் சக்கர வளையத்தைப் பாருங்கள். பாதி நேரம் அதில் காய்ந்த சாதப் பருக்கையும் எண்ணெய்ப் பிசுக்கும்தான் இருக்கும். கரகரவென்ற சத்தமும் அங்கிருந்தே வருகிறது. தட்டு ஒரு நாள் இடமாகவும் ஒரு நாள் வலமாகவும் சுற்றுகிறதே என்று கவலைப்பட வேண்டாம். அந்தச் சின்ன மோட்டாரின் இயல்பே அது, கிளம்பும்போது எந்தப் பக்கம் வாய்க்கிறதோ அந்தப் பக்கம் ஓடும்.

பிளக் சூடாகிறது, பிளக்கின் முள் கறுக்கிறது, பாயின்ட்டைச் சுற்றிப் பிளாஸ்டிக் கருகும் வாடை வருகிறது என்றால் உடனே அணைக்க வேண்டும். ஆனால் கூப்பிட வேண்டியவர் மைக்ரோவேவ் மெக்கானிக் அல்ல, எலக்ட்ரீஷியன். வெறும் மைக்ரோவேவாக ஓடும்போதே அடுப்பு 1,200 வாட்டுக்குக் குறையாமல் இழுக்கும். கன்வெக்‌ஷன் வைத்தால் 2,000-ஐத் தாண்டும் மாடல்கள் உண்டு. அதை மிக்ஸியோடு சேர்த்து ஓர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாட்டுவதும், மூன்று முள் பிளக்கை இரண்டு முள்ளாக்கும் அடாப்டரில் செருகுவதும் நம் வீடுகளில் சகஜம். எர்த் இல்லாத அடுப்பின் உடம்பைத் தொட்டால் சுர்ரென்கிறது என்றால் அதைச் 'சின்ன ஷாக்' என்று சொல்லிப் பழகிவிடக் கூடாது. அன்றோடு நிறுத்த வேண்டும்.

ஓடிக்கொண்டிருக்கும் அடுப்பு நாலைந்து நிமிடத்தில் நின்று, ஆறியதும் மறுபடி ஓடுகிறதா? முதலில் அதை வைத்திருக்கும் இடத்தைப் பாருங்கள். மாடுலர் கிச்சன் வந்த பிறகு, மூச்சுவிட இடமில்லாமல் மர அலமாரிக்குள் அடைத்துவிடுகிறோம். பின்னாலும் பக்கங்களிலும் நாலைந்து விரற்கடை, தலைக்கு மேல் ஒரு சாண் இடைவெளி விட்டுப் பாருங்கள். அப்படியும் நின்றால் உள்விசிறியோ வெப்பத்தை உணர்ந்து அணைக்கும் ஸ்விட்ச்சோ பழுது. அது நம் எல்லைக்கு அப்பால்.

சூடு குறைந்துவிட்டது என்பது மிகப் பொதுவான புகார், மிகக் கவனமாக விசாரிக்க வேண்டிய புகாரும்கூட. பீங்கான் கோப்பையில் 200 மில்லி தண்ணீர், உள்ளே ஒரு ஐஸ்குச்சியையோ மரக்கரண்டியையோ போட்டு வையுங்கள். குச்சி எதற்கென்றால், வழவழப்பான கோப்பையில் தண்ணீர் கொதிநிலையைத் தாண்டியும் அசையாமல் நின்று, கையில் எடுத்ததும் சீறி மேலே தெறிக்கும் அபாயம் உண்டு. 800 வாட் அடுப்பில் நம் ஊர்த் தண்ணீர் ஒன்றேகால் நிமிடத்தில் கொதிக்க வேண்டும் என்பது கணக்கு. நடைமுறையில் இரண்டு நிமிடம் வரை விடலாம். மூன்று நிமிடமாகியும் வெதுவெதுப்பாகவே இருந்தால், அதே சோதனையை மறுநாள் காலையில் செய்யுங்கள். காலையில் கொதித்து, மாலை ஏழு மணிக்குக் கொதிக்கவில்லை என்றால் குற்றவாளி தெருவின் லோ வோல்ட்டேஜ். எந்நேரமும் கொதிக்கவில்லை என்றால் மாக்னட்ரான் தளர்ந்திருக்கலாம். கன்வெக்‌ஷன் அடுப்பு வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு துப்பு: கேக் வேகிறது, கிரில் சிவக்கிறது, மைக்ரோவில் மட்டும் சூடில்லை என்றால் கோளாறு உயர் அழுத்தப் பகுதியில். மெக்கானிக்கிடம் இந்த ஒரு வரியைச் சொன்னாலே அவருடைய அரை மணி நேரம் மிச்சம்.

பொறி பறப்பதில் இரண்டு ரகம். எவர்சில்வர் டம்ளரையோ தங்கக்கோடு போட்ட கல்யாணச் சீர்த் தட்டையோ உள்ளே வைத்துவிட்டுப் பொறி பறக்கிறதே என்றால் அடுப்பு பாவம், அதன்மேல் பிழையில்லை. நம் சமையலறை எவர்சில்வர் ராஜ்ஜியம். இந்தத் தவறு ஒருமுறையாவது நடக்காத வீடு இருக்காது. ஆனால் உள்ளே கோப்பைத் தண்ணீர் மட்டும் வைத்தும் பொறி வந்தால் நிறுத்துங்கள். உள்சுவரில் ஒரு பக்கம் காகிதம்போல் ஒட்டியிருக்கும் பழுப்புத் தகடு மைக்கா. மாக்னட்ரானிலிருந்து அலை உள்ளே வரும் வாசலின் திரை அது. பலர் அதை ஸ்டிக்கர் என்று நினைத்து உரித்தே எறிந்திருக்கிறார்கள். அதில் எண்ணெய் தெறித்துக் கருகினால் கரியின் மேல் பொறி, பொறியால் இன்னும் கரி என்று ஓட்டை விழும்வரை போகும். ஈரத்துணியால் துடைப்பது நம் வேலை. ஓட்டை விழுந்தால் அளவு வெட்டி மாற்றுவது மெக்கானிக்கின் வேலை, மலிவான வேலைதான். அதைத் தள்ளிப்போட்டால் பொறி உள்ளே இருக்கும் மாக்னட்ரானின் மூக்கைக் கருக்கும். பிறகு மலிவு என்ற பேச்சே இல்லை. அடுப்பைக் காலியாக ஓடவிடுவதும் இதே வகைத் தற்கொலை. உறிஞ்ச ஆளில்லாத அலை திரும்பி மாக்னட்ரானையே தாக்கும்.

ஒரு விநாடிகூட யோசிக்கக் கூடாத அறிகுறிகளும் உண்டு. கதவு திறந்திருக்கையில் அடுப்பு ஓடும் சத்தம் கேட்டாலோ, தட்டு சுற்றினாலோ பிளக்கைப் பிடுங்குங்கள். அப்போது மாக்னட்ரான் ஓடாமலும் இருக்கலாம். அதைக் கண்டறிவது உங்கள் வேலை இல்லை. கதவு ஒரு பக்கம் தொங்குகிறது, கீல் ஆடுகிறது, கண்ணாடி கீறிட்டிருக்கிறது, கதவும் உடம்பும் சேரும் சட்டத்தில் துரு பிடித்துத் தகடு பெயர்கிறது, இவற்றில் எதுவானாலும் நிறுத்துங்கள். கடலோர ஊர்க்காரர்களுக்குத் துருவைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. வழக்கமான ரீங்காரம் மாறி, லாரி மேடேறுவதுபோல் முக்கும் சத்தம் வந்து, சூடும் இல்லாவிட்டால் டயோடோ கண்டென்சரோ மாக்னட்ரானோ ஷார்ட்டாகியிருக்கும். 'இன்னொரு தடவை போட்டுப் பார்ப்போம்' என்பது அங்கே உதவாது. உள்ளே தீப்பிடித்தால் கதவைத் திறக்காதீர்கள். உள்ளே காற்று போனால் கொழுந்துவிடும். அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, மூடியபடியே விட்டால் அடங்கும்.

இடையில் கரப்பானைப் பற்றி ஒரு வார்த்தை. எண்கள் ஒளிரும் பலகையின் பின்னால் இரவும் பகலும் இளஞ்சூடு இருக்கும். நம் ஊர்க் கரப்பானுக்கு அதைவிடச் சுகமான வீடு கிடையாது. எண்களுக்கு நடுவே மீசை ஆடுவதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். 'போர்டு போச்சு' என்று மெக்கானிக் சொல்வதில் ஒரு பங்கு இவர்களின் கைங்கரியம். மற்ற பொத்தான்களெல்லாம் புதிதுபோல் இருக்க, ஸ்டார்ட் பொத்தான் மட்டும் அமுக்கி அமுக்கிச் செத்துப்போவது இன்னொரு பங்கு. அதற்காக முழு போர்டையும் மாற்றச் சொன்னால் பேரம் பேசலாம். பொத்தான் பலகை தனியாகக் கிடைக்கும் மாடல்கள் உண்டு.

'டைரக்ட் பண்ணிட்டேன் சார்'

சித்தப்பா வீட்டு ஃபியூஸுக்கு வருகிறேன். கதவின் பூட்டுக்குப் பின்னால் வழக்கமாக மூன்று சிறு ஸ்விட்சுகள் இருக்கும். இரண்டு, கதவு திறந்ததும் மின்சாரத்தை அறுப்பவை. மூன்றாவது ஒற்றன். கதவு திறந்த பிறகும் அறுக்க வேண்டியது அறுக்காமல் ஒட்டிக்கொண்டால், இந்த ஒற்றன் வேண்டுமென்றே ஒரு ஷார்ட் சர்க்யூட்டை உண்டாக்கி ஃபியூஸை எரித்து அடுப்பைச் சாகடித்துவிடும். திறந்த கதவோடு ஓடுவதைவிடச் செத்த அடுப்பு மேல் என்பது அதன் தர்மம். சித்தப்பா பார்த்தது இந்த மரணத்தைத்தான். காவல்காரன் விழுந்து கிடக்கிறான் என்று ஆளை மாற்றி மாற்றி நிறுத்தினாரே தவிர, திருடனைத் தேடவில்லை.

இந்த ஒற்றன் சும்மா வந்துவிடவில்லை. வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகளிலிருந்து எக்ஸ் கதிர் கசிந்த விவகாரம் 1967-ல் அமெரிக்காவைக் கலக்கியது. மறு ஆண்டே மின்னணுப் பொருள்களின் கதிர்வீச்சைக் கட்டுப்படுத்தும் சட்டம் வந்தது. அதன் கீழ் 1971 அக்டோபர் முதல் தயாரான மைக்ரோவேவ் அடுப்புகளுக்கு விதி எழுதினார்கள்: விற்கும்போது கசிவு 1 மில்லிவாட்டுக்குள், ஆயுள் முழுவதும் 5-க்குள், கதவுக்கு இரண்டு தனித்தனிக் காவல், அவற்றைக் கண்காணிக்க ஒன்று. எனக்கு மிகவும் பிடித்தது அந்த ஒன்றுக்கும் ஐந்துக்கும் இடையிலான இடைவெளி. பொருள் பழசாகும், கீல் தளரும், மனிதர்கள் கதவில் துண்டைத் தொங்கவிடுவார்கள் என்பதை அந்த விதி முன்கூட்டியே ஒப்புக்கொள்கிறது.

நம் நாட்டிலும் விற்பனை வாசலில் காவல் உண்டு. மின்னணுப் பொருள்களுக்கான 2012-ம் ஆண்டுக் கட்டாயப் பதிவு ஆணையின் முதல் பட்டியலிலேயே மைக்ரோவேவ் அடுப்பு இடம்பெற்றது. அடுப்பின் முதுகில் இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பதிவு எண் இருக்க வேண்டும். ஆனால் அந்த வாசலைத் தாண்டி வீட்டுக்குள் வந்து, நாலு வருடம் கழித்துப் பழுதாகி, ஒரு மெக்கானிக்கின் கையில் போய்த் திரும்பும் அடுப்பை யார் பார்க்கிறார்கள்? அங்கேதான் நம் ஊரின் புகழ்பெற்ற சொல் வருகிறது: "ஸ்விட்ச் போயிருந்துச்சு, டைரக்ட் பண்ணிட்டேன் சார்." டேபிள் ஃபேனில் டைரக்ட் செய்யலாம், ஒன்றும் ஆகாது. கதவு ஸ்விட்சை டைரக்ட் செய்வது, வங்கியின் காவலாளிக்கு விடுமுறை கொடுத்துவிட்டுக் கதவைத் திறந்து வைப்பதற்குச் சமம். நாம் வீணாகப் பயப்பட்ட அந்தக் கசிவு உண்மையாகும் ஒரே சூழ்நிலை ஏறக்குறைய இதுதான். மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டிய தருணம் எது என்று தெரிந்தால் போதாது. எந்த மெக்கானிக்கை வாசலோடு அனுப்ப வேண்டும் என்றும் தெரிய வேண்டும். டைரக்ட் என்ற சொல் கதவு சம்பந்தமாகக் காதில் விழுந்தால், கொடுத்த காசு போனாலும் பரவாயில்லை, வேலையை நிறுத்துங்கள். ஃபியூஸ் போயிருந்தது, மாற்றிவிட்டேன் என்று ஐந்து நிமிடத்தில் கிளம்புகிறவரிடம், ஏன் போனது என்று கேளுங்கள். கதவிலோ மாக்னட்ரானிலோ கை வைத்த பிறகு கசிவு மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். மாற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நேர்மையான மெக்கானிக் இதற்கெல்லாம் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை.

சித்தப்பாவை மட்டும் குற்றம் சொல்லி இதை முடிக்க எனக்கு மனமில்லை. அவருடைய அடுப்போடு வந்த கையேட்டை எடுத்துப் படித்துப் பார்த்தேன். கடைசிப் பக்கங்களில், தட்டு சுழலாவிட்டால் அங்கீகரிக்கப்பட்ட சேவை மையத்தை அணுகவும், விளக்கு எரியாவிட்டால் அணுகவும், சத்தம் வந்தால் அணுகவும், எதுவானாலும் அணுகவும் என்று இருந்தது. பருக்கை சிக்கிய தட்டுக்கும் 4,000 வோல்ட்டுக்கும் ஒரே எச்சரிக்கை, ஒரே எழுத்தளவு. அணுகினால் என்ன ஆகும் என்பதும் நமக்குத் தெரியும். வருகைக் கட்டணம், போர்டு போச்சு, பாகம் வர மூன்று வாரம், அதற்குப் பதில் எக்ஸ்சேஞ்சில் புதிதாக வாங்கிவிடுங்களேன் என்று ஓர் அறிவுரை. நாலு முறை இந்த அனுபவம் கண்ட குடும்பத் தலைவர், ஐந்தாம் முறை கையேடு சொல்வதைக் காசு பறிக்கும் பேச்சு என்றே எடுத்துக்கொள்வார். எல்லாவற்றுக்கும் 'தொடாதே' என்று சொல்லிச் சொல்லி, உண்மையிலேயே தொடக் கூடாத ஒன்றை நம்பவிடாமல் செய்தது நிறுவனங்கள்தான் என்பது என் கருத்து. அந்த நட்சத்திர மரையும் அப்படியே. அது உயிரைக் காக்க வைத்ததா, சேவை மையத்தின் வருமானத்தைக் காக்க வைத்ததா என்று சித்தப்பாவால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. அவர் இரண்டாவது என்று முடிவு செய்தார்.

பழுதுபார்க்கும் உரிமைக்கான இணையதளத்தை மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பர் 24 அன்று தொடங்கியது. கையேடு, பாகங்கள், உத்தரவாதம் பற்றிய விவரங்களை நிறுவனங்கள் அங்கே தர வேண்டும் என்பது நோக்கம். வீட்டு உபயோகப் பொருள்களும் அதில் ஒரு துறை. 2024-ல் பழுதுபார்ப்புக் குறியீடு குறித்து ஒரு குழுவும் அமைத்தார்கள்; பேச்சு செல்பேசியைச் சுற்றியே அதிகம் போனது. நல்லதுதான். ஆனால் செல்பேசியைப் போலன்றி மைக்ரோவேவுக்குத் தனியாக ஒரு பக்கம் வேண்டும். எது வீட்டுக்காரர் செய்யலாம், எது தெரு மெக்கானிக் செய்யலாம், எது உயர் அழுத்தம் பழகியவர் மட்டும் தொட வேண்டும் என்று மூன்றாகப் பிரித்து, படத்தோடு, தமிழில் அச்சிட்டுத் தருவது எந்த நிறுவனத்துக்கும் பெரிய செலவில்லை. ஐ.டி.ஐ. படித்துவிட்டு வரும் இளைஞர்களுக்கு உண்மையான கதவுக் கொக்கியும் ஸ்விட்சும் நியாய விலையில் கடையில் கிடைத்தால், டைரக்ட் செய்யும் அவசியமே பாதிக்குப் பாதி குறைந்துவிடும். பாகம் கிடைக்காத இடத்தில்தான் அந்தச் சொல் பிறக்கிறது. சேவையில் ஏமாற்றப்பட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. அதில் புகார் சொல்ல ரசீது வேண்டும், ரசீது கேட்க நமக்குக் கூச்சம்.

சில அடுப்புகளைச் சரிசெய்யவே கூடாது. உள்சுவரில் துரு ஓட்டையாகிவிட்டது, கதவு வளைந்து புதுக் கதவு கிடைக்கவில்லை, மாக்னட்ரானின் விலை புது அடுப்பின் பாதியைத் தொடுகிறது என்றால் விடைகொடுக்கலாம். கொடுக்கும் இடம் முக்கியம். 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மின்னணுக் கழிவு விதிகளின் பட்டியலில் மைக்ரோவேவும் உண்டு. பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் போக வேண்டிய பொருள் அது. நாம் வழக்கமாகப் பழைய இரும்பு வண்டிக்காரரிடம் போடுகிறோம். அவர் கடையில் ஒரு பையன் செம்புக்காக டிரான்ஸ்ஃபார்மரைச் சுத்தியலால் உடைப்பான். சில மாக்னட்ரான்களின் பீங்கான் வளையத்தில் பெரிலியம் ஆக்சைடு இருக்கும். முழுசாக இருக்கும்வரை ஒன்றுமில்லை, உடைத்துத் தூளானால் நுரையீரலுக்கு விஷம். பழைய மைக்ரோவேவ் டிரான்ஸ்ஃபார்மரை எடுத்து வெல்டிங் மெஷின் செய்வது எப்படி, மரப்பலகையில் மின்னல் கோலம் போடுவது எப்படி என்று சொல்லித்தரும் வீடியோக்களும் இப்போது ஏராளம். அந்த மின்னல் கோலத்தில் அமெரிக்காவில் பலர் இறந்த பிறகு, அங்கே மரக்கடைசல் கலைஞர்களின் சங்கமே தன் நிகழ்ச்சிகளில் அதற்குத் தடை போட்டது.

சித்தப்பா வீட்டு அடுப்பு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. கதவில் துண்டு தொங்கவிடக் கூடாது என்று சித்திக்கு அவர் சட்டம் போட்டிருக்கிறார், ஏதோ சித்திதான் தொங்கவிட்டதுபோல. மெக்கானிக்கின் நம்பரை அடுப்பின் பக்கவாட்டில் மார்க்கரால் எழுதியும் வைத்திருக்கிறார். போன மாதம் போயிருந்தபோது அவருடைய கருவிப் பெட்டியைத் துழாவிக்கொண்டிருந்தேன். அந்த நட்சத்திரத் திருப்புளி முனை அதிலேயேதான் இருந்தது. இது எதற்கு இன்னும் என்று கேட்டேன்.

"கிடக்கட்டும்டா. காசு குடுத்து வாங்கினது" என்றார்.